கூகையும் லாரிக் காற்றும்

சாலையில் அடிபட்ட கூகை என்ற ஆந்தையை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்கு அதன் எடைதான் ஆச்சரியம். சிறகை விரித்தால் முக்கால் மீட்டருக்குக் குறையாது. எடையோ அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். மற்றதெல்லாம் இறகு. இந்த லேசான உடம்பால்தான் புல்லுக்கு மேலே தாழ்வாக, சத்தமில்லாமல் மிதந்தபடி அதனால் எலி தேட முடிகிறது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆபத்து அங்கேதான் என்று தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. வளைவுகளில் வண்டிகள் முனகிக்கொண்டுதான் ஏறுகின்றன. ஆந்தை விலகிக்கொள்ள நேரம் கிடைக்கும். கீழே இருக்கும் நான்குவழிச் சாலைதான் மோசம். லாரிகளிலிருந்து சிந்திய மக்காச்சோளம், ஓரத்தில் புல், பக்கத்திலேயே மரவள்ளிக் காடு. எலிக்கு வேறென்ன வேண்டும்? எலியைத் தேடிக் கூகை வரும். லாரி நேராக மோத வேண்டும் என்பதுகூட இல்லை. அது கடக்கும்போது கிளம்பும் காற்றுச் சுழல் போதும், அந்த உடம்பைக் காகிதம் மாதிரி இழுத்துப் பின்னால் வரும் வண்டியின் முன்னே போட்டுவிடும்.

அப்புறம் கண். ஆந்தையின் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் அடர்ந்திருக்கின்றன. ஹை பீம் விழுந்ததும் அவற்றிலுள்ள நிறமி வெளுத்துவிடும். பழைய நிலைக்குத் திரும்ப நிமிடக்கணக்கில் ஆகும். எதிர் வண்டி ஹை பீமில் வந்தால் நமக்கே சில நொடிகள் ஒன்றும் தெரிவதில்லையே!

புள்ளி ஆந்தையின் கதை வேறு. தெருவிளக்கடியில் விழும் பூச்சிகளைப் பொறுக்க அது தார்ச்சாலைக்கே இறங்கிவிடும்.

ரோட்டில் ஆந்தை அசையாமல் உட்கார்ந்திருந்தால் தலையில் அடி என்று சந்தேகப்படலாம். அதன் கண்கள் குழல் வடிவில் முன்தள்ளியவை, குழிக்குள் உருளாதவை. மோதலில் உள்ளே ரத்தம் கசிவது சகஜம். கூகை பாம்பு மாதிரி சீறும், பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது அலகை அல்ல, நகங்களை. தடித்த துண்டைப் போர்த்தி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடுங்கள், இருட்டானதும் அடங்கிவிடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்; வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தேறியதும் அந்தி சாய்ந்த பிறகுதான் பறக்கவிடுவார்கள். பகலில் விட்டால் காக்கைகள் கூடித் துரத்தும்.