வளர்ப்பு நாய்க்கு ரேபிஸ் ஊசி: விதி எதைப் பார்க்கிறது?

வீட்டு நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி போடலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் நாயின் சுபாவத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். வாசல் தாண்டாத நாய், பல் போன கிழட்டு நாய், யாரையும் கடித்தே பழகாத நாய். விதிகளுக்கு இதெல்லாம் பொருட்டே அல்ல. நடப்பில் இருக்கும் தடுப்பூசிச் சான்றிதழ் கையில் உண்டா என்று மட்டுமே அவை கேட்கும். சான்றிதழ் இல்லையென்றால், எவ்வளவு ஆரோக்கியமான நாயும் அதிகாரியின் பார்வையில் ஊசி போடாத நாய்தான்.

எல்லா நாட்டிலும் ஒரே சட்டம் இல்லை. ஜப்பானில் 1950ஆம் ஆண்டின் ரேபிஸ் தடுப்புச் சட்டப்படி நாயைப் பதிவு செய்து ஆண்டுதோறும் ஊசி போட வேண்டும். 1957க்குப் பிறகு அங்கே உள்நாட்டில் நோய் பரவவில்லை என்றாலும் கட்டாயம் தளரவில்லை. பிரிட்டன் இதற்கு நேரெதிர்: நாட்டை விட்டு வெளியே போகாத நாய்க்கு ஊசி கட்டாயமில்லை. அமெரிக்காவில் மத்தியச் சட்டம் கிடையாது, ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் கட்டாயமாக்கியுள்ளன. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வளர்ப்பு நாயின் தடுப்பூசிப் பொறுப்பை உரிமையாளரின் தலையில் வைக்கின்றன. நாய் வளர்க்க உரிமம் தரும் உள்ளாட்சி அமைப்புகள் பலவும் முதலில் கேட்பது ரேபிஸ் சான்றிதழைத்தான்.

ஒரு வீட்டு நாய் விஷயத்தில் அரசு ஏன் இவ்வளவு மூக்கை நுழைக்கிறது? மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்கள் மூலம் வருகிறது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஒரு பகுதியின் நாய்களில் குறைந்தது 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் பரவல் அறுபடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 70 சதவீதத்துக்குள் உங்கள் நாயும் வர வேண்டும் என்பதுதான் அரசின் அக்கறை.

இனி தேதிகள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது. அதனால் முதல் ஊசி பொதுவாகப் பன்னிரண்டு வார வயதில் போடப்படுகிறது. போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது: ஐரோப்பிய ஒன்றியத்தின் பயண விதி 21 நாள் கழித்துத்தான் அதை ஏற்கும், அமெரிக்க வழிகாட்டுதல் 28 நாள் என்கிறது. அடுத்தது ஓராண்டில். மூன்றாண்டு என்று அச்சிட்ட மருந்தாகவே இருந்தாலும், முதல் ஊசிக்கு ஓராண்டுதான் ஆயுள் என்பது அந்த வழிகாட்டுதலின் கணக்கு. பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது ஊசியைத்தான். அதன் பிறகு மருந்தின் முத்திரைச் சீட்டிலும் உள்ளூர் விதியிலும் உள்ளபடி ஆண்டுக்கு ஒருமுறையோ மூன்று ஆண்டுக்கு ஒருமுறையோ போடலாம்.

ஊசி போட்டதன் பலன் சட்டப்படி முழுதாகத் தெரிவது, ரேபிஸ் கண்ட விலங்கு உங்கள் நாயைக் கடித்துவிடும்போது. அமெரிக்காவின் பொதுச் சுகாதாரக் கால்நடை மருத்துவர்கள் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நடப்புச் சான்றிதழ் உள்ள நாய்க்கு உடனே ஒரு பூஸ்டர் (பாதுகாப்பைப் புதுப்பிக்கும் மறு ஊசி) போட்டு 45 நாள் உரிமையாளரின் கண்காணிப்பில் வைத்தால் போதும். கெடு தாண்டியிருந்தாலும் முன்பு போட்டதற்குச் சான்று காட்டினால் அதே சலுகை. ஒருமுறையும் போடாத நாய்க்குக் கருணைக்கொலை பரிந்துரைக்கப்படுகிறது. உரிமையாளர் மறுத்தால் நான்கு மாதம் கடுமையான தனிமை. போட்டும் சான்றிதழைத் தொலைத்தவர்கள் சிக்கிக்கொள்ளும் இடமும் இதுதான்.

உங்கள் நாய் ஒருவரைக் கடித்துவிட்டால் கதை வேறு. ஊசி போட்டிருந்தாலும் பத்து நாள் கண்காணிப்பு உண்டு. பத்து நாளும் நாய் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இருக்கவில்லை என்று பொருள். அதற்காகக் கடிபட்டவர் பத்து நாள் காத்திருக்கக் கூடாது. காயத்தைப் பதினைந்து நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பக்கவிளைவுக்குப் பயப்படுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலும் ஓரிரு நாள் சோர்வு, ஊசி போட்ட இடத்தில் வலி அல்லது சிறு கட்டி, இவ்வளவோடு போய்விடும். முகம் வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை வருவது அபூர்வம், ஆனால் வந்தால் அவசரம். முன்பே அப்படி வந்த நாய்க்கும் கடும் நோயில் உள்ள நாய்க்கும் மருத்துவர் கடிதத்தின் பேரில் அமெரிக்க மாநிலங்கள் சில விலக்கு தருகின்றன. ஆனால் விலக்கு பெற்ற நாயை ரேபிஸ் கண்ட விலங்கு கடித்தால், அது ஊசி போடாத நாயாகவே நடத்தப்படும். விலக்கு அபராதத்திலிருந்து மட்டுமே காப்பாற்றும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்) அளவு பார்த்து ஊசியைத் தவிர்க்கலாம் என்ற வாதமும் அங்கே எடுபடாது. அந்தப் பரிசோதனை பூஸ்டருக்கு மாற்றாகாது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

அந்தப் பரிசோதனைக்கு மதிப்பு வருவது பயணத்தின்போது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாயைக் கொண்டுபோக முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாள எண் சில்லு), பிறகுதான் ஊசி. ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம். வரிசை மாறினால் அந்த ஊசி கணக்கில் வராது, மறுபடி போட வேண்டும். ஒன்றியத்தின் பட்டியலில் இல்லாத நாடுகளிலிருந்து (இந்தியாவும் இலங்கையும் அதில் இல்லை) போகும் நாய்க்கு, ஊசி போட்டு 30 நாளாவது கழித்து இரத்தம் எடுத்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 சர்வதேச அலகு எதிர்ப்பொருள் இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. பூஸ்டர்களைக் கெடு தவறாமல் போட்டுவந்தால் பரிசோதனையை மறுபடி செய்யத் தேவையில்லை. ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே ஊசி போட்ட கையோடு, மருத்துவமனையை விட்டு வெளியே வருமுன் சான்றிதழாகத் தரும் தடுப்பூசி அட்டையைப் படித்துப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்த சீட்டு ஒட்டியிருக்க வேண்டும், அதில் தொகுதி எண் தெரிய வேண்டும். போட்ட தேதி, செல்லுபடியாகும் கடைசித் தேதி, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். சிப் பொருத்திய நாயென்றால் சிப்பைப் படிக்கும் கருவியை அதன் கழுத்தருகே காட்டச் சொல்லி, திரையில் வரும் பதினைந்து இலக்கத்தையும் அட்டையில் எழுதிய எண்ணையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள்.