புது நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரம்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

கிருஷ்ணகிரியில் எங்கள் கிளினிக்குக்கு வரும் பொமரேனியன், ஷிட்ஸு, பக் குட்டிகளில் நிறைய ஓசூரிலோ பெங்களூரிலோ வாங்கியவை. ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பார்த்துவிட்டு, விடிந்ததும் துண்டில் சுற்றி எடுத்து வருவார்கள். "மூக்கு சூடா இருக்கு டாக்டர்", "எந்நேரமும் தூங்குது", "விக்கிக்கிட்டே இருக்கு". பெரும்பாலும் இவை நோயே இல்லை.

இரண்டு மாதக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும். எழுந்தால் சுறுசுறுப்பாக விளையாடி, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தால் கவலை வேண்டாம். விக்கல் தானாக நிற்கும். மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்க முடியாது. நாயின் இயல்பான வெப்பமே சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதால் நம் கைக்குச் சூடாகத்தான் தெரியும். சின்ன இன நாய்கள் சில சமயம் மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, குறட்டை போலச் சத்தம் போடும். அரை நிமிடத்தில் அடங்கிப் பழையபடி ஓடினால், போனில் வீடியோ எடுத்துவைத்து அடுத்த முறை வரும்போது காட்டுங்கள், போதும்.

நான் உண்மையில் பயப்படுவது ரத்தத்தில் சர்க்கரை இறங்குவதற்குத்தான். குட்டியின் உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. இனம் சிறியதாக இருந்தால் அது இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பர்கூர் பக்கமிருந்து ஒரு அம்மா காலையில் போன் செய்தார். குட்டி முக்கால் கிலோகூட இருக்காது. முந்தின நாள்தான் வாங்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் பொழுதெல்லாம் அதைக் கீழே விடவில்லை. புது இடத்தில் அது சரியாகச் சாப்பிடவும் இல்லை. காலையில் பார்த்தால் தலை நிற்கவில்லை, உடம்பு சில்லிட்டு, தாடை வெட்டி வெட்டி இழுக்கிறது. குளுக்கோஸ் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து விரலால் ஈறில் தடவச் சொன்னேன். வாயில் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். துணியில் சுற்றிக் கதகதப்பாக எடுத்து வந்தார்கள். பாதி வழியிலேயே தலையைத் தூக்கிவிட்டது. அப்படித் தேறினாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். குடற்புழுவோ வேறு நோயோ அடியில் இருக்கலாம். குளுக்கோஸ் இல்லாவிட்டால் சர்க்கரைக் கரைசலும் உதவும்.

இது வராமலிருக்க, மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கைந்து வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கடைசி வேளை நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில் இருக்கட்டும். விற்றவர் என்ன கொடுத்தாரோ அதையே முதல் வாரம் தொடருங்கள். நம் பக்கம் வீட்டிலேயே கறந்த பால் இருக்கும், ஆசையாக ஊற்றுவார்கள். பல குட்டிகளுக்கு அதுவே வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். அப்புறம், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் தூங்கும் குட்டியை எழுப்ப விடாதீர்கள்.

உதட்டைத் தூக்கி ஈறு பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தினால் வெளுக்கும். எடுத்ததும் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு வெளிறியே இருந்தால் உடனே கிளம்புங்கள். வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்தப்பேதியும் சேர்ந்து, சாப்பாட்டையும் ஒதுக்கினால் அது குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். அதில் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். எதற்காகவும் மனிதர்களின் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

பார்வோவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும் வரை போட வேண்டும். அது முடியும்வரை தெருவில் இறக்கிவிட வேண்டாம். "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று விற்பவர் வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ளாதீர்கள். தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் மருந்தின் ஸ்டிக்கர், தேதி, டாக்டரின் கையெழுத்து இல்லையென்றால், போடவில்லை என்றே வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்போம்.