பழைய ரேஸ் சைக்கிளை வாங்கலாமா? எஃகுக் குழாய் தரும் சாட்சியங்கள்

1970களிலும் 80களிலும் இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி ஆகிய நாடுகளில் செய்யப்பட்ட எஃகு ரேஸ் சைக்கிள்கள் இன்றும் ஐரோப்பாவில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ராலே, பெஜோ போன்ற பெயர்களையும் பளபளப்பையும் நம்பி வாங்கிவிடுபவர்கள் உண்டு. ஹேண்டில்பாரில் ஒரு பொட்டுத் துருவைக் கண்டதும் விலகிவிடுபவர்களும் உண்டு. வண்டியின் தகுதியைத் தீர்மானிப்பவை இவை இரண்டுமே அல்ல என்பது என் கணிப்பு. எந்தக் குறையைச் சரிசெய்ய முடியும், எதைச் சரிசெய்ய முடியாது என்று பிரித்தறிவதே வாங்குபவரின் வேலை. அதற்கு உலோகத்தின் குணங்கள் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் வயதைப் பற்றிய அச்சத்தைப் பார்க்கலாம். ஒரு உலோகத்தை மீண்டும் மீண்டும் வளைத்து விட்டுக்கொண்டிருந்தால், ஒவ்வொரு முறையும் அது பழைய நிலைக்கே திரும்பினாலும், நாளடைவில் நுண்விரிசல் தோன்றி முறிந்துவிடலாம். இதைச் சோர்வு முறிவு என்பார்கள். ஆனால் எஃகுக்கு ஒரு சலுகை உண்டு. அதன் மீது விழும் தகைவு (ஒரு பரப்பளவு தாங்கும் விசை) ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள், பொதுவாக அதன் இழுவலிமையில் (இழுத்தால் அறும் முன் தாங்கும் உச்ச தகைவில்) ஏறத்தாழப் பாதிக்குள், இருக்கும்வரை எத்தனை கோடி முறை அசைந்தாலும் அது சோர்வதில்லை. அலுமினியத்துக்கு இப்படிப்பட்ட தெளிவான எல்லை கிடையாது. சிறு தகைவும் அதன் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே நன்றாகச் செய்யப்பட்டு, மோதலும் கடுந்துருவும் தாக்காத எஃகு ஃபிரேமுக்கு நாற்பது வயது ஆனது தன்னளவில் ஒரு குறையே இல்லை. அதே வண்டியிலுள்ள அலுமினிய ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் கழுத்து), ஹேண்டில்பார், கிராங்க் (பெடலைத் தாங்கும் கரம்) ஆகியவற்றை மட்டும் அந்த நம்பிக்கையோடு பார்க்கக் கூடாது.

குழாயின் தரத்தைப் பற்றி விற்பவர்கள் நிறையப் பேசுவார்கள். பர்மிங்காமைச் சேர்ந்த ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் அறிமுகப்படுத்திய 531 என்ற மாங்கனீசு-மாலிப்டினக் கலப்பு எஃகின் ஸ்டிக்கர் ஃபிரேமில் ஒட்டியிருந்தால் விலை தானாகவே ஏறிவிடும். இங்கே பரவலான ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: நல்ல எஃகு அதிக விறைப்பானது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் சாதாரண எஃகானாலும் 531 ஆனாலும் அவற்றின் மீட்சிக் குணகம், அதாவது விறைப்பின் அளவு, ஏறத்தாழ ஒன்றுதான், சுமார் 200 கிகாபாஸ்கல். ஒரே விட்டமும் ஒரே சுவர்க் கனமும் உள்ள இரு குழாய்களில் எது மலிவு, எது உயர்தரம் என்று மிதிப்பவரின் காலால் சொல்லிவிட முடியாது. வேறுபாடு வலிமையில் இருக்கிறது. வலிமையான எஃகை மெல்லிய சுவருள்ள குழாயாக இழுத்தாலும் அது சுமையைத் தாங்கும். அதனால் எடை குறைகிறது, மெல்லிய சுவர் காரணமாகச் சற்று நெகிழ்வும் கிடைக்கிறது. பற்றவைக்கும் முனைகளில் மட்டும் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் குழாயை இழுக்கும் உத்திக்கு இதே ரெனால்ட்ஸ் குடும்பத்தினர் 1897இலேயே காப்புரிமை பெற்றிருந்தார்கள். அப்படிப்பட்ட குழாயின் சுவர் நடுப்பகுதியில் சுமார் 0.5 முதல் 0.6 மி.மீ. கனமே இருக்கும். (ரெனால்ட்ஸையும் பின்னாளில் ராலேயையும் தன் குடைக்குள் கொண்டுவந்த டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமம்தான் முருகப்பா குடும்பத்தோடு சேர்ந்து 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது.)

ஸ்டிக்கரைப் புதிதாக அச்சடித்து ஒட்டிவிடலாம். குழாயின் உள்விட்டத்தை அப்படி மாற்ற முடியாது. சீட்டைத் தாங்கும் கம்பமான சீட் போஸ்ட்டை வெளியே எடுத்தால், அதன் மீது விட்டம் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்து, இத்தாலி ஃபிரேம்களில் சீட் குழாயின் வெளிவிட்டம் வழக்கமாக 28.6 மி.மீ. அதற்குள் 27.2 மி.மீ. போஸ்ட் சரியாகப் பொருந்துகிறது என்றால் சுவரின் கனம் சுமார் 0.7 மி.மீ. என்று கணக்குப் போட்டுவிடலாம், நல்ல குழாய். 25.4 மி.மீ. போஸ்ட் என்றால் சுவர் 1.6 மி.மீ. கனம், அதாவது மலிவான கனத்த குழாய், மேலே எந்த ஸ்டிக்கர் இருந்தாலும் சரி. பழைய பிரெஞ்சு ஃபிரேம்களில் வெளிவிட்டம் 28 மி.மீ. என்பதால் அங்கே 26.4 மி.மீ. போஸ்ட்டுமே நல்ல அடையாளம்தான்.

போஸ்ட் வெளியே வர மறுத்தால் அதுவே பெரிய செய்தி. அலுமினியப் போஸ்ட்டும் எஃகுக் குழாயும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் வியர்வையோ மழைநீரோ உப்போடு சேர்ந்து புகுந்தால் அது ஒரு சிறு மின்கலமாகிவிடுகிறது. இரண்டில் அலுமினியமே எளிதில் எலக்ட்ரானை இழப்பது. ஆகவே அது அரிக்கப்பட்டு ஆக்சைடாகவும் ஹைட்ராக்சைடாகவும் மாறுகிறது. இந்த வெண்பொடி, தான் உருவான உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் போஸ்ட் குழாயின் உள்சுவரோடு இறுகிப்போகிறது. சூடேற்றினால் கழன்றுவிடும் என்று சிலர் ஊதுவிளக்கை எடுப்பார்கள். ஆனால் ஒரு டிகிரி வெப்பத்துக்கு அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரியும்; உள்ளே இருப்பது அதிகமாக விரிந்தால் பிடி இறுகத்தான் செய்யும், குளிர்விப்பதே பொருத்தமான வழி. அதற்கும் அசையாவிட்டால், எஃகைத் தொடாமல் அலுமினியத்தை மட்டும் கரைக்கும் காஸ்டிக் சோடாதான் கடைசி ஆயுதம்; கண்ணையும் தோலையும் பறிக்கக்கூடிய அபாயமான வேலை அது. எனவே பேரம் தொடங்கும் முன்பே, சீட் போஸ்ட்டையும் ஹேண்டில்பார் ஸ்டெம்மையும் தளர்த்தி அசைத்துக் காட்டும்படி கேட்க வேண்டும். காட்டத் தயங்குபவரிடம் நான் வாங்க மாட்டேன்.

அடுத்தது மோதல். வண்டி முன்புறமாக எதிலாவது இடித்திருந்தால், சக்கரம் தன்னைத் தாங்கும் கவையான ஃபோர்க்கைப் பின்னோக்கித் தள்ள, ஃபோர்க் நெம்புகோலாகி, ஃபிரேமின் முன்முனையில் அதைத் தாங்கும் ஹெட் குழாயின் அடிப்பகுதியைப் பின்னால் திருகும். அப்போது மேல் குழாய், கீழ்க் குழாய் இரண்டின் அடிப்பக்கமும் அழுத்தத்துக்கு உள்ளாகின்றன. கனமான முனை முடிந்து மெல்லிய சுவர் தொடங்கும் இடத்தில், அதாவது ஹெட் குழாயிலிருந்து சில சென்டிமீட்டர் பின்னால், சுவர் தகர டப்பாவைப் போல மடிந்து ஒரு சிறு வீக்கம் தோன்றுகிறது. கண்ணுக்கு எளிதில் படாத இடம் அது. மேலேயிருந்து எடுத்த புகைப்படத்தில் தெரியவே தெரியாது. விரல் நுனியைக் குழாயின் அடியில் வைத்து மெதுவாகத் தடவிப் பார்த்தால் ஒரு மேடு தட்டும். அல்லது பெயிண்டில் குறுக்குவாட்டில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். வளைவு எல்லை கடந்துவிட்டதால் எஃகு இனிப் பழைய வடிவுக்குத் தானாகத் திரும்பாது. குழாயை மாற்றுவதற்கு ஆகும் செலவில் இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம். ஃபோர்க்கைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது, அதன் மேற்பகுதி ஹெட் குழாயின் கோட்டிலேயே தொடர்ந்து, பிறகுதான் முன்னோக்கி வளைய வேண்டும். அந்தக் கோடு பின்னால் சாய்ந்திருந்தால் இடி விழுந்திருக்கிறது என்று பொருள்.

பின்பக்கம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கரத்தைக் கழற்றி, அச்சு உட்காரும் இடது பிளவில் நூலைக் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, வலது பிளவில் இறுக்கமாகக் கட்ட வேண்டும். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையேயுள்ள தூரத்தை இருபுறமும் அளந்தால் சமமாக இருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு பெரிதல்ல. எஃகைத் தேவையான அளவுக்கு மெல்ல வளைத்து நிலைநிறுத்த முடியும் என்பதால், இந்த வகைக் கோணலைக் கைத்தேர்ந்த ஃபிரேம் தச்சர் குளிர்நிலையிலேயே சரிசெய்துவிடுவார். பழைய ஆறு வேகச் சக்கரத்துக்கான 126 மி.மீ. பின்னிடைவெளியைப் பிற்காலத்து 130 மி.மீ. சக்கரத்துக்காக விரிப்பதும் இதே முறையில்தான். அலுமினிய ஃபிரேமிலோ கார்பன் ஃபிரேமிலோ இதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

அலுமினிய உறுப்புகளில் விரிசல் தேட வேண்டிய இடங்கள் குறிப்பானவை. கிராங்கின் கரம் பல்சக்கரத்தைத் தாங்கும் கைகளோடு சேரும் மூலை, ஸ்டெம்மின் கழுத்து, ஹேண்டில்பார் ஸ்டெம்முக்குள் நுழையும் இடம் ஆகியவற்றில்தான் தகைவு குவிகிறது. அழகுக்குப் பேர்போன கம்பக்னோலோவின் நுவோவோ ரெக்கார்டு கிராங்குகளிலேயே அந்த மூலையில் விரிசல் காண்பது உண்டு. துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால், அழுக்கேறிய விரிசல் கறுப்புக் கோடாகத் தெரியும்; கீறல் போலத்தான் தோன்றும், ஆனால் நகத்தைச் செங்குத்தாக இழுத்தால் சிக்கும். சந்தேகம் இருந்தால் அந்த உறுப்பைத் தூக்கிப் போட்டுவிடுவதே முறை. ஸ்டெம் முறிந்தால் விழுவது முகம்தான்.

மரை என்பது பலரும் மறந்துவிடும் விஷயம். இரு கிராங்குகளையும் இணைக்கும் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் (பி.பி.) கூட்டின் மரை நாட்டுக்கு நாடு மாறியது: ஆங்கில வகை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. இத்தாலியம் 36 மி.மீ.; பிரெஞ்சு 35 மி.மீ. ஆங்கில வகையில் வலப்புறக் கப்புக்கு (குண்டுகள் ஓடும் கிண்ணத்துக்கு) இடதுமரை, அதாவது இடஞ்சுழியாகத் திருகினால் இறுகும் மரை, வைத்ததன் காரணம் சுவையானது. வலப்புறத்திலிருந்து பார்த்தால் அச்சும் பால்ரஸ் குண்டுகளும் வலஞ்சுழியாக ஓடும். குண்டுகளின் அழுத்தம் கப்பின் உட்சுவரில் வட்டமிட்டு நகர, மரையிலுள்ள மயிரிழை இடைவெளிக்குள் கப் அதற்கு எதிர்த்திசையில் இம்மி இம்மியாக ஊரும். சாதாரண வலதுமரையாக இருந்தால் அந்த ஊர்தல் கப்பைக் கழற்றிவிடும், இடதுமரையானால் இறுக்கிவிடும். இத்தாலியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இரு பக்கமும் வலதுமரையே வைத்ததால், வலது கப் கழன்றுவருவது அந்த வண்டிகளின் பழைய நோய். 1970களின் பெஜோ வண்டியில் பி.பி. பழுதாகியிருந்தால், பிரெஞ்சு மரைக்குரிய கப் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

சக்கரங்களில் முதலில் ஒரு காந்தத்தை ரிம்மில் வைத்துப் பார்க்கலாம். ஒட்டினால் அது குரோம் பூசிய எஃகு ரிம்; மழையில் பிரேக் கட்டை அதில் வழுக்கும், வண்டி நிற்க வெகுதூரம் எடுக்கும். அலுமினிய ரிம்முக்கு மாறுவதே நல்லது. ஆனால் பழைய 27 அங்குல ரிம்மின் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., இன்றைய 700சி ரிம்முக்கோ 622 மி.மீ. ஆரத்தில் 4 மி.மீ. குறைவதால், பிரேக் கட்டை அவ்வளவு கீழே எட்டுமா என்று முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும்.

மற்றவை பெரும்பாலும் பேரத்துக்கு உதவும் குறைகள். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நேர்நிலையில் மட்டும் ஒரு பிடிப்பு தெரிந்தால், நேராகவே ஓடிய காலமெல்லாம் ஹெட் கப்பின் குண்டுகள் ஒரே இடத்தில் அதிர்ந்து குழிதோண்டியிருக்கின்றன, கப்பை மாற்றிவிடலாம். செயினின் 12 முழுக் கண்ணிகள் (ஒரு உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும் சேர்ந்தது ஒன்று) 12 அங்குலத்துக்கு மேல் 1/8 அங்குலம் நீண்டிருந்தால் செயினோடு ஃப்ரீவீலும் (பின்சக்கரப் பல்சக்கரங்களும்) தேய்ந்திருக்கும். ஷிமானோ உறுப்புகளில் பொறித்த இரண்டு எழுத்துகளில் முதலாவது ஆண்டையும் (ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்து 1976), இரண்டாவது மாதத்தையும் குறிக்கும். 1978 வண்டி என்று சொல்லப்படுவதில் முதலாவதாக அகரவரிசையின் எட்டாவது எழுத்து (H) இருந்தால், அந்த உறுப்பு 1983இல் செய்யப்பட்டது, பின்னால் மாற்றியிருக்கிறார்கள்.

கடைசியாக ஓட்டிப் பார்க்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் உடனே திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. முன்சக்கரத்தைக் கழற்றி, இடவலம் மாற்றிப் பூட்டி, மறுபடி ஓட்ட வேண்டும். இழுப்பும் பக்கம் மாறினால் குறை சக்கரத்தில். ஸ்போக்ஸ் கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுத்தால் தீர்ந்துவிடும். பழைய பக்கத்துக்கே இழுத்தால் சக்கரத்தின் மீது குற்றமில்லை. ஃபோர்க்கையோ ஃபிரேமையோ நிமிர்த்தும் கூலியைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்ல வேண்டும்.