மாலை போட்ட மூன்றாம் நாள்

கார்த்திகை பிறந்த முதல் வாரத்திலேயே சில குடும்பங்கள் என்னைத் தேடி வந்துவிடும். காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று ஊர்தான் மாறும், சொல்வது ஒன்றுதான். "சார், மாலை போட்டதிலேர்ந்து ஒரு சொட்டு தொடல. ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்தாரு. நேத்து ராத்திரிலேர்ந்து யார் யாரோ நிக்கிறாங்கன்னு பேசுறாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "விரதத்துல ஏதாவது தப்பு நடந்துபோச்சா?" என்பார்கள்.

எந்தத் தப்பும் நடக்கவில்லை. சாமி குத்தமும் இல்லை, காத்து கருப்பும் இல்லை. பல வருடம் தினமும் குடித்த ஒருவர் ஒரே நாளில் நிறுத்தும்போது மூளையின் வேதித் தூதர்கள் நிலைகுலைகிறார்கள். அதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது வேதிப்பொருட்களின் வழியாக. அவற்றில் 'காபா' என்பது அடக்கும், 'குளுட்டமேட்' என்பது தூண்டும். மது காபாவின் கையைப் பலப்படுத்தி, குளுட்டமேட்டை அமுக்கிவைக்கிறது. குடித்ததும் படபடப்பு அடங்குவதும் தூக்கம் வருவதும் அதனால்தான். ஆனால் தினமும் இதே நடந்தால் மூளை சும்மா இருக்காது. காபாவுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக்கொண்டு, குளுட்டமேட் பக்கம் வலுவைக் கூட்டிக்கொள்ளும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் சட்டென்று கையை விட்டால் என்ன ஆகும்? திடீரென்று மதுவை நிறுத்தும்போது மூளைக்குள் நடப்பதும் அதுதான். கூடவே நார்அட்ரினலின் பெருகும். வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, ஏறும் ரத்த அழுத்தம், காரணமில்லாத கோபம் எல்லாம் அதன் வேலை.

பெரும்பாலும் கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாளுக்குள் குழப்பம் வரலாம். நாள் தெரியாது, இடம் தெரியாது, சுவரில் பூச்சி ஊரும், வெளியே யாரோ கூப்பிடுவார்கள். இந்தக் கட்டத்தில் பலர் தங்கள் தொழிலைச் செய்துகொண்டிருப்பார்கள். விசைப்படகில் வேலை பார்த்த ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து, இல்லாத வலையை இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, விரல் நுனியால் சிக்கெடுத்தார். மனைவி பெயர் சொல்லிக் கூப்பிட்டும் நிமிரவில்லை. மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தோம். தெளிந்தபிறகு அந்த இரவு அவர் நினைவில் இல்லவே இல்லை.

சிகிச்சை கிடைக்காவிட்டால் இந்தக் குழப்பநிலை உயிரையே எடுக்கக்கூடும். அறையில் போட்டுப் பூட்டுவது, கட்டிவைப்பது, மந்திரிக்க அலைவது எல்லாம் கையிலிருக்கும் நேரத்தைத் தின்றுவிடும். "ஒரு கட்டிங் குடுத்தா அடங்கிடும் சார்" என்பவர்களும் உண்டு. லேசான நடுக்கம் அதில் அடங்கலாம், ஆனால் அது வைத்தியம் அல்ல. குழம்பியிருப்பவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பலவீனமாக இருக்கிறார் என்று பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லாதீர்கள். தினமும் குடித்து, சரியாகச் சாப்பிடாதவர் உடம்பில் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், இருக்கும் கொஞ்சமும் தீர்ந்து மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். கண் அசைவு தடுமாறுவதும், கால் பின்னுவதும் அதன் அறிகுறிகள்.

"போன வருஷமும் மாலை போட்டாரே, ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்பீர்கள். குடித்து நிறுத்தி, மறுபடி குடித்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் மூளையின் எதிர்வினை கடுமையாகிக்கொண்டே போகலாம். காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், முன்பு வலிப்போ குழப்பமோ வந்தவர், இவர்கள் வீட்டில் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. விபத்தில் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கும் இதே கதிதான். அங்கே குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள்.

விரதம் இருக்க வேண்டாம் என்று நான் யாரையும் தடுத்ததில்லை. குடியை நிறுத்த அதைவிட நல்ல வேளை பலருக்கு அமைவதில்லை. மாலை போடுவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே வாருங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். மது தொடும் அதே காபா வழியில் வேலை செய்யும் மாத்திரைகளைக் கொடுத்து, ஒரு வாரம் போல படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். இவற்றை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போடக் கூடாது.

மாலை கழற்றிய அன்றே டாஸ்மாக் வாசலில் நிற்பவரைத் திட்டித் தீர்க்கிறோம். கடை போர்டையும் பழைய கூட்டாளியையும் கண்டதுமே டோபமின் சுரந்து ஆசையைக் கிளப்பும், ஒரு மண்டல விரதத்தில் அந்தப் பழக்கம் அழியாது. ஆசையைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன, மாலை கழற்றுவதற்கு முன்பே அதற்காகவும் வாருங்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி மட்டும் வேண்டாம், அதில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் இதற்குச் சிகிச்சை உண்டு. ஆலோசனைக்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் நேராக 108. வரும்போது கடைசியாக எந்த நேரம் குடித்தார், தினமும் எவ்வளவு, முன்பு வலிப்பு வந்ததா, சுகர், மஞ்சள் காமாலை இருந்ததா என்பதெல்லாம் தெரிந்த ஒருவரையும் கூட்டி வாருங்கள்.