ஆர்கானிக்: அங்ககமா, உயிர்மமா, இயற்கையா?

சேலம் கடைத்தெருவில் 'ஆர்கானிக்' என்றால் இரண்டு பொருள்: மருந்தடிக்காதது, விலை கூடுதலானது. அகராதி சொல்லும் பொருள் வேறு.

மூலம் கிரேக்கத்தின் 'ஆர்கனான்', அதாவது கருவி. பிறகு அது உடலின் உறுப்பைக் குறித்தது. அப்புறம் உறுப்புகள் ஒன்றுகூடி இயங்கும் உயிரையும் குறிக்கத் தொடங்கியது. விவசாயத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபு. 1940-இல் அவர் எழுதும்போது, ரசாயனம் வேண்டாம் என்பதோடு நிற்கவில்லை. மண், மாடு, சாணம், பயிர் எல்லாம் சேர்ந்து பண்ணையே ஓர் உயிர்போல இயங்க வேண்டும் என்றார். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் இதன் சாயலைப் பார்க்கலாம். சில்வர் ஓக் நிழலில் காபி, அதே மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, கீழே மூடாக்காகக் கிடக்கும் இலைச்சருகு. ஆனால் அதே தோட்டத்தில் உர மூட்டை பிரித்துப் போட்டிருந்தால் ஆர்கானிக் ஆகாது.

வேதியியல் பாடத்தில் இந்தச் சொல்லுக்குத் தமிழ் 'கரிம'. அங்கேதான் வேடிக்கை. யூரியா அசல் கரிமச் சேர்மம். 1828-இல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர் அதைச் சோதனைச்சாலையில் உருவாக்கியதை வேதியியல் வரலாற்றில் பெரிய திருப்பமாகச் சொல்வார்கள். ஆர்கானிக் வயலில் அதே யூரியாவுக்கு அனுமதி கிடையாது! ஆகவே 'கரிம வேளாண்மை' என்று எழுதுவது குழப்பத்தை விலைக்கு வாங்குவது.

சரி, தமிழில் என்ன சொல்வது? அரசுத் தாள்களில் 'அங்கக', 'உயிர்ம' இரண்டுமே வருகின்றன. அங்கம் என்றால் உறுப்பு என்பதால் 'அங்கக' கிரேக்க மூலத்துக்கு நேர் பொருத்தம். என்ன, காதில் விழுந்தவுடன் காய்கறி நினைவுக்கு வராது. 'உயிர்ம' நார்த்போர்ன் சொன்ன கருத்துக்கு நெருக்கம். ஆர்கானிக் பொட்டலங்களில் பார்த்துப் பழகிய 'ஜைவிக் பாரத்' முத்திரையின் ஜைவிக்கும் ஜீவனிலிருந்து வந்ததே. என் ஓட்டு 'உயிர்ம'வுக்குத்தான். நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பரப்பிய 'இயற்கை வேளாண்மை' தான் மக்கள் வாயில் நிலைத்தது. பேச்சுக்கு அது போதும். சான்றிதழ் பற்றிப் பேசும்போது மட்டும் கவனம் வேண்டும்: இயற்கை என்று அட்டையில் எழுதியிருப்பதாலேயே யாரும் சோதித்துச் சான்று தந்ததாக ஆகாது. 'நாட்டுக் காய்' என்பதும் வேறு, அது ரகத்தைச் சொல்கிறது. நாட்டுக் கத்தரிக்கும் மருந்தடிக்கலாம்.

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் காய்ப் பெட்டிக்கு இந்த வேறுபாடு முக்கியம். ஆர்கானிக் என்ற சொல் எப்படி விளைந்தது என்று சொல்லும், எங்கே விளைந்தது என்று சொல்லாது. இமாசல ஆப்பிளும் அங்ககமாக இருக்கலாம். 1999-இல் தொடங்கிய உழவர் சந்தை இதற்கு நேரெதிர். சூரமங்கலத்திலோ தாதகாப்பட்டியிலோ தராசுக்குப் பின்னால் நிற்பவரிடமே "எந்த ஊருங்க?" என்று கேட்டுவிடலாம். மருந்தடித்தாரா என்பதற்கு அவர் வாய்ச்சொல்தான்.

நல்ல பெட்டி என்றால் இரண்டுக்கும் பதில் தர வேண்டும். சௌசௌவும் பட்டர் ஃப்ரூட்டும் இருந்தால் மலைக்காய் என்று ஊகிக்கலாம். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பெரும்பாலும் சமவெளியில் விளைந்தது. ஊகம் எதற்கு, உள்ளே ஒரு சீட்டு இருந்தால் போதுமே! அதில் ஊர்ப்பெயர், அறுவடை நாள், சான்று எண் மூன்றையும் தேடுங்கள். பி.ஜி.எஸ். முத்திரை என்றால் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் முறை. அதிலும் 'பி.ஜி.எஸ். கிரீன்' என்றிருந்தால் நிலம் இன்னும் மாறுகாலத்தில் இருக்கிறது. ரசாயனத்தை நிறுத்தியதுமே சான்று கிடைத்துவிடாது. தேசியத் தரத்தின்படி ஓராண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டு, காபி, மிளகு போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் விவசாயிக்குச் செலவும் உழைப்பும் முழுசு, முத்திரை பாதி. மாறுகாலக் காய் என்று ஒளிக்காமல் எழுதி விற்பவரிடம் நான் தயங்காமல் வாங்குவேன். 'பண்ணையிலிருந்து நேராக' என்று மட்டும் அச்சடித்திருந்தால், எந்தப் பண்ணை, வாழப்பாடிப் பக்கமா, ஆத்தூர்ப் பக்கமா, மலை மேலா என்று கேட்டுவிட்டுத்தான் பணம்.