பக்கத்து வீட்டு அடிபம்பு

வங்கதேசக் கிராமத்தில் குழாய்க் கிணறு இறக்க ரிக் லாரி வர வேண்டியதில்லை. மூங்கில் சாரம் ஒன்று, சில குழாய்கள், ஒரு குழி நிறையத் தண்ணீர், கொஞ்சம் மாட்டுச் சாணம், மூன்று நான்கு ஆட்கள். இவ்வளவு போதும். கீழே நிற்பவர்கள் நெம்புகோலை அமுக்கிக் குழாயைத் தூக்கித் தூக்கி இறக்குவார்கள். சாரத்தின் மேல் இருப்பவர், குழாய் ஏறும்போது அதன் வாயை உள்ளங்கையால் பொத்துவார். இறங்கும்போது கையை எடுப்பார். அந்த உள்ளங்கைதான் வால்வு. கை விலகும் ஒவ்வொரு முறையும் சேற்றுத் தண்ணீர் பீய்ச்சியடிக்கும், அடியில் இருக்கும் மணலும் அதோடு வந்து விழும். கல் தட்டாத வண்டல் பூமி என்பதால் ஒரே நாளில் ஐம்பது மீட்டர்கூடப் போய்விடலாம்.

இவ்வளவு சுலபமாக இறங்கியதால்தான் அந்த நாட்டில் ஏறத்தாழ ஒரு கோடி அடிபம்புகள் முளைத்தன. 1970களில் இதை முடுக்கிவிட்டவை அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் யூனிசெஃபும். காரணம் நியாயமானது. அதுவரை ஊரே குளத்துத் தண்ணீரைத்தான் குடித்தது. அதே குளத்தில்தான் குளியல், துணி துவைப்பு, மாடு கழுவல் எல்லாம். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்குள் வடிந்து வரும் நீரில் கிருமி குறைவு. அந்தக் கணக்கில் தப்பில்லை. பிறகு அரசுக்காகக் காத்திராமல் குடும்பங்களே கிணறு இறக்கும் மிஸ்திரியைக் கூப்பிட்டு வாசலில் பம்பு போட்டுக்கொண்டன.

1983இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹாவிடம் மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து சிலர் வந்தார்கள். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போல் புள்ளிகள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கால் ஆணி மாதிரி தடித்துப்போன தோல். ஆர்சனிக் நஞ்சு என்று அவர் கண்டுகொண்டார். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவர்களிடமும் அதே அடையாளம் இருந்தது. யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் திபாங்கர் சக்ரவர்த்தி 1988 முதல் ஊர் ஊராக அலைந்து தண்ணீர் மாதிரிகளைச் சேகரித்தார். வங்கதேச அரசு தன் மண்ணில் ஆர்சனிக்கை முதலில் கண்டறிந்தது 1993இல், சாபாய் நவாப்கஞ்சில்.

இடையில் ஒரு வாய்ப்பு கைநழுவியது. 1992இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் அந்த நாட்டின் நிலத்தடி நீரைச் சோதித்தது. பல தனிமங்களைப் பார்த்தார்கள், ஆர்சனிக்கைப் பார்க்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் லண்டனில் தொடுத்த வழக்கு 2006இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். சோதனைப் பட்டியலில் ஒரு வரி கூடுதலாக இருந்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்குப் போகவில்லை.

அதே ஆய்வகமும் வங்கதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் சேர்ந்து 1998-99இல் நாடு முழுக்க 3,534 கிணறுகளைச் சோதித்தன. 150 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் 27 சதவீதம், வங்கதேசம் வைத்திருக்கும் வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டின. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 10 மைக்ரோகிராம். அதைத் தாண்டியவை 46 சதவீதம். 50 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் 0.6 கிராம். ஒரு சிட்டிகை. நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் தெரியாது. தாக்கா அருகே ஆராய்ஹாஜாரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2000 முதல் சுமார் 12,000 பேரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நேர்ந்த சாவுகளில் ஐந்தில் ஒன்றுக்குக் கிணற்று நீரின் ஆர்சனிக்கே காரணமாக இருக்கலாம் என்று 2010இல் லான்செட் இதழில் கணக்குக் காட்டினார்கள். தோலில் தெரிவது கொஞ்சம்தான். இதயம், நுரையீரல், சிறுநீர்ப்பை என்று உள்ளே நடப்பதுதான் அதிகம்.

இதை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. தொழிற்சாலை இல்லை, பூச்சிமருந்து இல்லை. இமயமலைப் பாறைகள் கரைந்து, கங்கையும் பிரம்மபுத்திராவும் சுமந்து வந்த மணலோடு வந்தது இது. அந்த மணலிலும் ஆர்சனிக் அதிகம் என்று சொல்ல முடியாது. உலகில் எங்கும் இருக்கிற சாதாரண அளவுதான். அப்படியானால் தண்ணீருக்குள் எப்படி இறங்கியது?

மணல் துகள் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய துருப் பூச்சு இருக்கிறது. ஆற்று மணலின் பழுப்பு நிறம் அதனால் வருவதுதான். துரு, அதாவது இரும்பின் ஆக்சைடு, ஆர்சனிக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிடித்திருக்கும் வரை தண்ணீருக்கு ஆபத்தில்லை. ஆனால் வெள்ளம் மணலை மட்டும் கொண்டுவருவதில்லை. இலை, தழை, சதுப்பு நிலத்துக் கரி எல்லாம் சேர்ந்து புதைகின்றன. அவற்றைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் உள்ளே இருக்கின்றன.

சாப்பாட்டை எரிக்க நமக்கு ஆக்சிஜன் வேண்டும். உணவிலிருந்து கழற்றிய எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் இருப்பதால்தான் நம் உடலில் அடுப்பு எரிகிறது. புதைந்த மண்ணில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்போது சில பாக்டீரியாக்கள் எலெக்ட்ரானைத் துருவிடம் தள்ளிவிடுகின்றன. துருவையே சுவாசிக்கின்றன என்று சொன்னால் பெரிய தப்பில்லை. எலெக்ட்ரானை வாங்கிய இரும்பு தண்ணீரில் கரையக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. பூச்சு கரைகிறது, அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் நழுவி நீரில் சேர்கிறது. துரு போன மணல் சாம்பல் நிறமாகிவிடும். இந்த நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்த விளக்கம் உடனே ஏற்கப்படவில்லை. பாசனத்துக்காக அளவுக்கு மீறி நீர் இறைத்து, மட்டம் இறங்கி, உள்ளே காற்று புகுந்து, கந்தகத் தாது சிதைந்து ஆர்சனிக் வெளியேறுகிறது என்பதுதான் முதலில் பலமாகப் பேசப்பட்ட கருத்து. அது சரியென்றால் காற்று புகுந்த நீரில் நஞ்சு அதிகம் இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் நேர்மாறாக இருந்தது: ஆக்சிஜன் இல்லாத, கரைந்த இரும்பு மிகுந்த நீரில்தான் ஆர்சனிக். 1998இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை துரு கரைவதைச் சுட்டியது. 2004இல் அதே இதழில், வங்காளத்து வண்டலை எடுத்து வைத்துப் பாக்டீரியாக்களே அந்த வேலையைச் செய்வதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். பாக்டீரியாவுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சண்டை நீண்டது. மண்ணோடு புதைந்த பழைய தழையா, இன்றைய குளங்களிலிருந்து கசிந்து இறங்கும் புதிய கரிமமா, அதைக் கீழே இழுப்பதில் மழையில்லாப் பருவத்தில் விளையும் போரோ நெல்லுக்கான பாசனப் பம்புக்குப் பங்கு உண்டா என்று முன்ஷிகஞ்ச் வயல்களில் குழாய் இறக்கி ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள்.

அடிபம்பின் சிமென்ட் மேடையிலும் இந்தக் கதையைப் படிக்கலாம். அடித்த தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக வரும். குடத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் செம்மை தட்டும், மேடை நாளடைவில் காவி படியும். கரைந்திருந்த இரும்பு காற்றைப் பார்த்ததும் மறுபடி துருவாகிறது. அப்படித் துருவாகும்போது ஆர்சனிக்கில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடித்துக்கொள்ளவும் செய்கிறது. குஷ்டியாவில் பிறந்த வேதியியலாளர் அபுல் ஹுசாம் இதையே வடிகட்டியாக்கினார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வாளி. மணல், இரும்புத் துகள், கரி, செங்கல் ஜல்லி. சோனோ என்று பெயர் வைத்த அதற்கு 2007இல் பத்து லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. மண்ணுக்குள் கழன்ற முடிச்சை வாளிக்குள் திரும்பப் போடுகிற வேலை அது.

ஆய்வாளர்களையே திகைக்க வைத்தது வேறொன்று. ஆராய்ஹாஜாரில் 25 சதுர கிலோமீட்டருக்குள் இருந்த சுமார் ஆறாயிரம் பம்புகளை ஒன்றுவிடாமல் சோதித்து வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்திலேயே பச்சைப் புள்ளி. என் வீட்டு நீரில் நஞ்சு, இருபது முப்பது மீட்டர் தள்ளியிருக்கும் உன் வீட்டில் இல்லை. ஆறு அங்கே ஓரிடத்தில் நில்லாமல் புரண்டு புரண்டு ஓடியது. ஒரு பக்கம் மணல் மேடு, அடுத்த பக்கம் களிமண் பள்ளம். மழைநீர் விரைந்து இறங்கி அலசிவிட்ட மணலில் நஞ்சு குறைவு. களிமண் மூடிய இடத்தில் நீர் நகராமல் கிடந்து, ஆர்சனிக் சேர்ந்துகொண்டே போகும். எந்த வீட்டுக்கு எது என்று மேலே நின்று சொல்ல முடியாது, சோதித்தால்தான் தெரியும்.

சோதனை கஷ்டமானதல்ல. குப்பியில் தண்ணீர், அமிலப் பொடி, துத்தநாகப் பொடி. ஆர்சனிக் வாயுவாக மாறி மேலே எழும்; மூடியில் செருகிய பாதரச உப்புத் தாள் அதற்கு ஏற்ப மஞ்சள், பிறகு பழுப்பு ஆகும். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் பம்புகளை இப்படிச் சோதித்து, வரம்பு மீறியவற்றின் மூக்கில் சிவப்பும் மற்றவற்றில் பச்சையும் அடித்தார்கள். கோடிக்கணக்கில் செலவழித்த திட்டங்களைவிட இந்தப் பெயின்ட் டப்பா அதிகம் சாதித்தது என்பேன். ஆராய்ஹாஜாரில் தன் பம்பு சிவப்பு என்று தெரிந்துகொண்டவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் வேறு பம்புக்கு மாறினார்கள். நூறு மீட்டருக்குள் பச்சை இருந்தால் போனார்கள். தூரம் கூடக்கூடப் போவது குறைந்தது.

தூரத்தை மீட்டரில் மட்டும் அளந்தால் விஷயம் பிடிபடாது. தண்ணீர் எடுப்பது பெண்கள் வேலை. அந்தப் பச்சைப் பம்பு இன்னொருவர் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. ஒருநாள் கேட்கலாம், தினமும் இரண்டு குடம் என்றால்? நேற்று வந்த மருமகள், பங்காளிச் சண்டையில் பேச்சு நின்றுபோன வீட்டு வாசலில் குடத்தோடு போய் நிற்பாளா? கையில் தழும்பு வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். தொழுநோய் என்று நினைத்து ஒதுக்கினார்கள், சாபம் என்றார்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையவில்லை. தண்ணீர் தேவைப்பட்டவர்களுக்கே அடுத்த வீட்டு வாசல் அடைபட்டது.

இன்னொரு வழி, ஆழமாகப் போவது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தில் கடல் மட்டம் 120 மீட்டர் கீழே இருந்தது. அன்று மேலே கிடந்த பழைய மணலைக் காற்றும் மழையும் நன்றாக அலசித் துருவேற்றிவிட்டன. பிறகு கடல் ஏறியபோது அதன்மேல் படிந்ததுதான் தழையும் சேறும் கலந்த இளம் வண்டல். பெரும்பாலான பம்புகள் இந்த இளம் வண்டலில் நிற்கின்றன. 150 மீட்டருக்குக் கீழே போனால் பல இடங்களில் அந்தப் பழைய, சுத்தமான மணல். அந்த ஆழத்துக்குச் சாதாரணக் குடும்பத்தால் போக முடியாது, அரசுதான் போட வேண்டும். அரசு போட்ட ஆழ்கிணறுகள் எங்கே இருக்கின்றன என்று ஆராய்ஹாஜாரில் வரைபடமிட்டுப் பார்த்தபோது, தேவை அதிகமான இடத்தில் இல்லாமல் ஒரே பக்கம் குவிந்து கிடந்தன. செல்வாக்குள்ளவர் வீட்டுச் சுவருக்குள் இருக்கும் பொதுக் கிணறு எப்படிப்பட்டது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2012-13இல் அதே 25 சதுர கிலோமீட்டரில் திரும்பக் கணக்கெடுத்தபோது பம்புகள் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தன. பலவும் வீட்டுக்காரர்களே புதிதாகப் போட்டவை, சோதனை பார்க்காதவை. பழையவற்றில் பெயின்ட் உதிர்ந்து எது சிவப்பு, எது பச்சை என்று தெரியாமல் போயிருந்தது.

மத்லாப் வட்டாரத்தில் ஆய்வாளர்கள் மிஸ்திரிகளிடமே போய் உட்கார்ந்தார்கள். கிணறு இறக்கும்போது என்ன நிற மணல் வருகிறது என்று கேட்டார்கள். கறுப்பு, வெள்ளை, மங்கல் வெள்ளை, சிவப்பு என்று நான்காகப் பிரித்துச் சொன்னார்கள் மிஸ்திரிகள். ஒவ்வொன்றிலிருந்தும் வரும் தண்ணீரைச் சோதித்ததில் கறுப்பில் ஆர்சனிக் மிகுதி, சிவப்பில் மிகக் குறைவு. துரு இன்னும் கரையாத மணல் அது. உள்ளூர் மிஸ்திரிகள் ஏற்கெனவே மணலின் நிறம் பார்த்து நல்ல நீரைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். விவரம் தெரிந்த மிஸ்திரி, சாரத்தின் மேலிருந்து கையை எடுத்து, பீய்ச்சி விழுந்த மணலைப் பார்த்து, இன்னும் சாம்பலாக இருந்தால் அடுத்த குழாயை எடுக்கச் சொல்வார். அந்தக் குழாய்க்குக் காசு வீட்டுக்காரர் தர வேண்டும்.