மலையிறங்கும்போது மட்டும் குளிரும் ஹீட்டர்

சேலத்தில் பழைய கார் வாங்குகிறவர்கள் ஏசியைப் போட்டுப் பார்ப்பார்கள், கிளட்சை மிதித்துப் பார்ப்பார்கள், டயரின் பட்டனை விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஹீட்டரைப் போட்டுப் பார்த்தவரை நான் கண்டதில்லை. நானும் பார்க்கவில்லை. மே மாத வெயிலில் விலை பேசிக்கொண்டிருக்கும்போது அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்ப யாருக்குத்தான் தோன்றும்? மார்கழியில் ஒரு நாள் ஏற்காட்டிலிருந்து இரவில் இறங்கியபோதுதான் அதில் கோளாறு இருப்பது தெரிந்தது. அந்தக் கோளாறு வந்த விதமும் சற்று விசித்திரமாக இருந்தது.

மாலையில் அடிவாரத்திலிருந்து ஏறியபோது ஹீட்டர் நன்றாகவே வேலை செய்தது. திரும்பும்போது ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் காற்று வெதுவெதுப்பாகி, பிறகு அதுவும் இல்லாமல் போய்விட்டது. முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தது. இன்னும் சில வளைவுகள் தாண்டியதும், காலையில் வண்டியைக் கிளப்பும்போது மட்டும் எரிந்து அணையும் நீல விளக்கு டேஷ்போர்டில் மறுபடியும் எரிந்தது. என்ஜின் குளிர்ந்துவிட்டது என்பதே அதற்குப் பொருள். ஏறும்போது சூடு, இறங்கும்போது குளிர் என்ற இந்த ஒரு தடயமே நோய் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. அது புரிவதற்கு, அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெட்ரோல், டீசல் கார்களின் ஹீட்டர் தானாக எதையும் சூடாக்குவதில்லை. என்ஜின் வீணாக்கும் வெப்பத்தில் ஒரு பங்கை உள்ளே திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். எரிபொருளின் ஆற்றலில் அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றப் போகிறது, இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது, எஞ்சியதில் பெரும்பகுதியை என்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலண்ட் வாங்கிக்கொள்கிறது. அந்தக் கூலண்டில் ஒரு கிளை இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சின்ன ரேடியேட்டருக்கு வந்து திரும்புகிறது. தடித்த நோட்டுப் புத்தகம் அளவே உள்ள அந்த ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே ப்ளோயர் ஊதும் காற்றுதான் நம் காலடிக்கும் கண்ணாடிக்கும் வருகிறது. ஆகவே ஹீட்டர் என்பது, என்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை நம் கன்னத்தில் வந்து சொல்லும் வெப்பமானி.

என்ஜினை ஒரே சூட்டில் வைத்திருக்கும் பொறுப்பு தெர்மோஸ்டாட்டுடையது. இது மின்சாரம் தேவைப்படாத, எளிய, மிக அழகான ஒரு கருவி. பித்தளைக் குப்பி ஒன்றுக்குள் மெழுகு அடைத்திருக்கும். கூலண்ட் குறிப்பிட்ட சூட்டை எட்டும்போது மெழுகு உருகி விரிந்து ஒரு கம்பியைத் தள்ள, வால்வு திறந்து, கூலண்ட் ஆறுவதற்காக முன்னால் உள்ள பெரிய ரேடியேட்டருக்குப் போகும். சூடு குறைந்தால் மெழுகு சுருங்க, சுருள்வில் வால்வை மூடிவிடும். திறக்கும் வெப்பநிலை, 82 அல்லது 88 என்பது போல, பெரும்பாலும் அதன் விளிம்பிலேயே பொறித்திருக்கும். இதைச் சமையலறையிலேயே சோதிக்கலாம். கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, ஒரு வெப்பமானியும் வைத்து அடுப்பை மூட்டினால், பொறித்துள்ள எண்ணை ஒட்டி அது மெல்ல வாய் திறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும் இந்தச் சோதனைக்கு அதுவே போதும்.

இப்போது மலையிறக்கத்துக்கு வருவோம். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது, இன்றைய என்ஜின்களில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் அதையே நிறுத்திவிடுகின்றன. சக்கரம் என்ஜினைச் சுழற்றுகிறது. உள்ளே எதுவும் எரிவதில்லை. சிலிண்டருக்குள் குளிர்ந்த காற்று போய் வருகிறது. அடுப்பை அணைத்துவிட்ட நிலை இது. தெர்மோஸ்டாட் இருந்தால் உடனே மூடிக்கொண்டு, மிச்சமுள்ள சூட்டை என்ஜினுக்குள்ளேயே காத்து, ஹீட்டருக்கும் கொடுக்கும். அது இல்லாவிட்டாலோ திறந்தபடி சிக்கியிருந்தாலோ, அத்தனை கூலண்டும் மலைக்காற்றை எதிர்கொள்ளும் பெரிய ரேடியேட்டருக்குள் புகுந்து ஆறிவிடும். ஏற்றத்தில் என்ஜின் முழு மூச்சாக உழைப்பதால் இந்தக் குறை மறைந்துவிடுகிறது.

என் வண்டியில் தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கவில்லை. அது இருந்த இடமே காலியாக இருந்தது. மூடியைக் கழற்றிய மெக்கானிக் வியப்படையவில்லை. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குன்னு முன்னாடி வெச்சிருந்தவங்க எடுத்துட்டிருப்பாங்கண்ணா" என்றார். சமவெளியில் இது பழகிப்போன வைத்தியம்: தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கி என்ஜின் கொதித்தால், புதியது போடாமல் பழையதை எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். கொதிப்பு நிற்கும், ஆனால் என்ஜின் தன் சரியான சூட்டை எட்டவே நெடுநேரம் ஆகும். சென்சார் குளிர் என்று சொல்லச் சொல்ல, கணினி காலை நேரத்துக்குரிய கூடுதல் எரிபொருளை ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் ஏன் இடிக்கிறது என்று அரை ஆண்டாக நான் டயரையும் ஏர் ஃபில்டரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லா ஹீட்டர் கோளாறும் இதுவே அல்ல. என்ஜின் நன்றாகச் சூடான பின், சுழலும் பெல்ட்டுக்கும் மின்விசிறிக்கும் கை எட்டாமல் பார்த்துக்கொண்டு, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் லேசாகத் தொட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். இரண்டும் சுட்டும் காற்று குளிர்ந்தே வந்தால், கூலண்டில் குறையில்லை. சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் பிரிக்கும் மடல் அல்லது அதன் கேபிள் நகரவில்லை. இரண்டும் வெதுவெதுப்பாகவே இருந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். ஒன்று சுட்டு மற்றொன்று ஆறிக் கிடந்தால், கூலண்ட் குறைந்து காற்று அடைத்திருக்கலாம், அல்லது சின்ன ரேடியேட்டரின் குழாய்களே அடைத்திருக்கலாம். கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இந்த அடைப்பு எளிதில் வரும். மேக்னசைட் வெட்டியெடுக்கும் குன்றுகள் உள்ள ஊர் நம்முடையது. கால்சியமும் மக்னீசியமும் கரைந்த கடின நீர் இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தவர்களுக்கு, அந்த மெல்லிய குழாய்களின் கதி என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரையே கூலண்ட் ஓடும் பாதையிலிருந்து விலக்கியிருப்பதும் உண்டு. காருக்குள் கூலண்ட் ஒழுகியதற்குச் செய்த செலவில்லாத பரிகாரம் அது. காருக்குள் லேசான இனிப்பு வாடை, கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுக்கு, நனைந்த கால்மிதி ஆகியவை இருந்தால் ஒழுகல் இன்னும் நிற்கவில்லை. கால்மிதி நனைந்தும் வாடையில்லாமல் வெறும் தண்ணீராக இருந்தால், அது ஏசியின் வடிகுழாய் அடைப்பு. எதைப் பார்ப்பதானாலும் சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும் நீர், மூடி திறந்த கணமே பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

மூடுபனியில் கண்ணாடி தெளியவும் இந்த ஹீட்டர் வேண்டும். ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்தே போட வேண்டும்: காற்று முதலில் ஏசியின் குளிர்ந்த தகடுகளில் ஈரத்தை உதிர்த்துவிட்டு, பிறகு ஹீட்டரில் சூடேறி வருகிறது. காற்று 10 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ இரு மடங்கு நீராவியை அதனால் ஏந்த முடியும் என்பதால், கண்ணாடியில் படிந்த ஆவியை அது உறிஞ்சிக்கொள்ளும். உள்காற்றையே சுழற்றும் பொத்தானை மட்டும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாம் விடும் மூச்சின் ஈரம் உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும்.

புதிய தெர்மோஸ்டாட் போட்டு, கூலண்டை மாற்றி, காற்றை வெளியேற்றிய பின் தை மாதத்தில் மறுபடியும் ஏற்காடு போய் வந்தேன். கடைசி வளைவு வரை நீல விளக்கு எரியவில்லை. அடிவாரத்தில் நான்தான் ஹீட்டரை அணைத்தேன்.